தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்றுவிட்டால்?

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று குருக்கள் குரல் கொடுக்கிறார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அட்சதை பறக்கிறது. அந்த நேரம் பார்த்துப் படம் பிடிக்கும் தம்பியின் கேமரா நின்றுவிட்டால்? 'இன்னொரு முறை கட்டுங்கள்' என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா?

நிழற்படத் தொழிலுக்கு என்ன வாங்குவது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், கோயில் திருவிழா என்று நம்மவர்களுக்கு விசேஷங்களுக்குப் பஞ்சமில்லை. படம் எடுப்பதில் ஆசையுள்ள பிள்ளைகளும் நம் குடும்பங்களில் உண்டு. ஒரு நாள் பிள்ளை வந்து, "நல்ல கேமரா ஒன்று வாங்கிக் கொடுங்கம்மா, தொழில் தொடங்குகிறேன்" என்கிறான். அம்மாவும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் புறப்படுகிறார்.

அம்மா, சற்று நில்லுங்கள்!

இருக்கும் பணத்தையெல்லாம் ஒரே புதுக் கேமராவில் கொட்டுவது தவறு. விலையுயர்ந்த ஒரு கேமராவைவிடச் சாதாரணக் கேமரா இரண்டு இருப்பதே தொழிலுக்குக் காவல். ஒன்று நின்றால் மற்றொன்று கை கொடுக்கும். பலரும் 'மிரர்லெஸ்' கேமராவுக்கு மாறிவிட்டதால், பழைய 'டி.எஸ்.எல்.ஆர்.' வகை இப்போது கைமாறி வருகிறது. 2010-இல் வந்த நிக்கான் டி7000, 2014-இல் வந்த நிக்கான் டி750 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே வகை பேட்டரி. ஒன்றின் லென்ஸை மற்றதில் மாட்டலாம். இரண்டிலும் இரண்டிரண்டு மெமரி கார்டு போட இடமுண்டு. ஒரே படத்தை இரண்டு கார்டிலும் பதியச் செய்தால், ஒரு கார்டு கெட்டாலும் கல்யாணம் கெடாது.

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதில்லையா? கேமராவிலும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். மேற்சொன்ன இரண்டின் ஷட்டரும் 150,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்ட வகை. அந்த எண்ணிக்கையை நெருங்கியதை வாங்காதீர்கள்.

அடுத்தது லென்ஸ். கோயிலுக்குள் விளக்கு வெளிச்சம்தான் இருக்கும். கேமராவோடு வரும் சாதாரண லென்ஸ், 50 மில்லிமீட்டரில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். லென்ஸ்களில் விலை குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று. பெரிய லென்ஸ் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஃபிளாஷ் விளக்கும் வேண்டும். வீட்டில் வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால் முகத்தில் இதமான வெளிச்சம் விழும். தோட்டத்து மண்டபத்தின் உயரமான தகரக் கூரையில் அந்த வித்தை பலிக்காது. பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக் குடை ஒன்று கைவசம் இருக்கட்டும்.

நம் நாட்டு ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி இந்த மூன்றும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். விசேஷம் முடிந்த இரவே படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அதற்கு முன் கார்டை அழிக்கவே கூடாது.

இன்னொன்று, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. வாங்கும் சாமான் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை இருட்டில் பால் வெட்டப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த சங்கிலி அது. அடகு வைத்தே தீரவேண்டுமென்றால் வையுங்கள். ஆனால், முதல் நாலைந்து கல்யாண வருமானத்தில் அதை மீட்டுவிட முடியுமா என்று பிள்ளையை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். முதலில் சங்கிலி வீட்டுக்குத் திரும்பட்டும். பெரிய கேமரா அதற்குப் பிறகு வரட்டும்!