இழுக்காத இயந்திரமும் காயாத கம்பளமும்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் வரவேற்பறைக் கம்பளத்தைக் கழுவினேன். மலிவு விற்பனையில் வாங்கிய சிறிய இயந்திரம்தான். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் போகலாம். ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர், இன்னொரு தொட்டியில் அழுக்குத் தண்ணீர். விசையை அமுக்கினால் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சும். முனையைப் பின்னோக்கி இழுத்தால் அழுக்கோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதுதான் ஏற்பாடு. அன்று நன்றாகப் பீய்ச்சியது. உறிஞ்சத்தான் இல்லை.

மறுநாள் காலை வெறுங்காலோடு நடந்தால் சதக் சதக்கென்றது. மூன்றாம் நாள், ஈரத்துணியை மூட்டையில் கட்டி மறந்துவிட்டது போல ஒரு வாடை. அம்மாவுக்கு ஆஸ்துமா. அந்த அறையில் உட்கார்ந்தாலே இருமினார். நனைந்த கம்பளத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட வேண்டும், தாமதித்தால் பூஞ்சை பிடிக்கும் என்பார்கள். நம் ஊர்க் காற்றிலேயே பாதித் தண்ணீர் இருக்கிறது; தானாகக் காயட்டும் என்று விட்டது என் தவறு. திறந்த இல்ல உபசரிப்புக்கு நாற்பது பேரை அழைத்திருந்தோம்.

புதிய இயந்திரம் வாங்கிவிடலாமா என்று விலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கிள்ளானில் சோபா, கம்பளம், கார் இருக்கை கழுவும் தொழில் செய்யும் தம்பி ஒருவரின் எண்ணைத் தங்கை கொடுத்தாள். வந்தவர் தன் இயந்திரத்தை இறக்குவதற்கு முன் என்னுடையதைப் பார்க்கக் கேட்டார். தொட்டியில் உறிஞ்சுகுழாய் பொருந்தும் துளையை உள்ளங்கையால் அடைத்து ஓடவிட்டார். மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறியது. பிறகு குழாயை மாட்டி, அதன் மறுமுனையை அடைத்தார். சத்தம் ஏறவே இல்லை.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குக்கா. காத்து வேற வழியா உள்ள போகுது" என்றார்.

எனக்குப் புரிய அவர் சொன்ன விளக்கம் இது. இயந்திரம் தண்ணீரை இழுப்பதில்லை. மோட்டாரின் விசிறி தொட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. கம்பளத்தின் வழியாகப் பாய்ந்தால், போகிற போக்கில் தண்ணீரையும் அள்ளிக்கொண்டு போகும். மூடியில் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தாலோ, காற்று சுலபமான அந்த வழியில் போய்விடும். கம்பளத்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஆகவே உறிஞ்சும் சக்தியைக் கூட்டுவது என்பது முக்கால்வாசி நேரம், இருப்பதை வீணாக்காமல் காப்பதுதான்.

வீணாகும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சோப்பு நுரை தடவிப் பார்ப்பது எரிவாயு கசிவுக்குச் சரி. இங்கே காற்று உள்ளே போவதால் குமிழி வராது. தம்பி சாமி மேசையிலிருந்து ஓர் ஊதுபத்தி கேட்டார். குழாயின் வாயை அடைத்து இயந்திரத்தை ஓடவிட்டு, இணைப்புகளின் ஓரமாகப் பத்தியைக் கொண்டுபோனார். நேராக மேலே எழும்பிக்கொண்டிருந்த புகை, குழாய் கைப்பிடியோடு சேரும் இடத்தில் சட்டென்று வளைந்து உள்ளே போனது. அங்கே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அழுக்குத் தொட்டியின் மூடியிலும் புகை கொஞ்சம் தயங்கியது. அங்கிருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடங்கி, மணல் ஒட்டிக்கிடந்தது.

வளையத்தைக் கழற்றிக் கழுவி, துடைத்து, ஒழுங்காகப் பதித்தார். அதில் வாஸ்லின் தடவலாமா என்று கேட்டேன். பெட்ரோலியத்திலிருந்து வருவது சில வகை ரப்பரை ஊதிப்போகச் செய்யும், சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும் என்றார். குழாயில் விரிசல் விட்ட முனையை நறுக்கிவிட்டு, மிச்சத்தை மறுபடி கைப்பிடியில் செருகினார். பிறகு முனையின் கண்ணாடி மூடியைத் திறந்தார். பூனை முடியும் நூலும் தீபாவளி மினுமினுப்பும் சேர்ந்து ஒரு திரி போல அடைத்துக்கொண்டிருந்தன. கழுவும் முன் சாதாரண வெக்குவத்தால் உலர்ந்த தூசியை எடுக்காமல் விட்டதன் பலன். அதைச் செய்யச் சொல்லி இயந்திரத்தோடு வந்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. படித்தால்தானே!

அவருக்கும் இதே பாடம் கிடைத்திருக்கிறது, அதுவும் காசு போன பிறகு. தொழில் தொடங்கிய புதிதில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போகும்போது, கனமான இயந்திரத்தைக் கீழேயே நிறுத்திவிட்டு நீளக் குழாயை மட்டும் மாடிக்குக் கொண்டுபோவாராம். சோபா இரண்டு நாளாகக் காயவில்லை என்று ஒருவர் பணம் கொடுக்க மறுத்துவிட்டார். பெரிய மோட்டார் வாங்கக் கடன் கேட்கப் போன இடத்தில், பழைய ஆள் ஒருவர், "முதல்ல குழாய வெட்டு" என்றாராம்.

காரணம் உராய்வு. குழாயின் நீளம் இரட்டிப்பானால், அதே அளவு காற்றை இழுக்க ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் குழாய்ச் சுவரிலேயே கரைந்துபோகும். விட்டம் இன்னும் கொடியது: பாதியாகச் சுருங்கினால் இழப்பு ஏறக்குறைய 32 மடங்கு. ஆகவே குழாய் குட்டையாக இருக்கட்டும். இயந்திரத்தின் வாய் இடம் கொடுத்தால் அகலமாக இருக்கட்டும். மடங்கிச் சுருண்டு கிடக்க வேண்டாம். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் உருவாக்கிய உறிஞ்சு இயந்திரம் குதிரை வண்டியில் வரும் அளவுக்குப் பெரியது. தெருவில் வண்டி நிற்க, சன்னல் வழியாக நீளக் குழாய்கள் வீட்டுக்குள் போகும். அவ்வளவு பெரிய எந்திரத்துக்கு அது கட்டுப்படியானது. நம் கைக்கு அடக்கமானதற்கு ஆகாது.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். வாட் என்பது அது தின்னும் மின்சாரம். உறிஞ்சும் அளவு அல்ல. கிலோபாஸ்கல் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். 10 கிலோபாஸ்கல் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கும் பலம். அதோடு காற்றோட்ட அளவும் வேண்டும். தொழிலுக்கு வாங்கும் இரட்டை மோட்டார் இயந்திரங்களில், காற்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டின் வழியும் போனால் தூக்கும் பலம் கூடும். பக்கம் பக்கமாக இழுத்தால் காற்றோட்டம் கூடும். மொத்தக் கம்பளமே வேலையாக உள்ளவருக்குக் காற்றோட்டம் பெரிது என்பது தம்பியின் அனுபவம்.

மின்சாரத்திலும் சக்தி போகிறது. மெல்லிய கம்பியுள்ள நீள இணைப்பில் மாட்டினால் மின்னழுத்தம் இறங்கி மோட்டார் மெதுவாகச் சுற்றும். முடிந்தால் சுவரில் நேராகச் செருகுங்கள். சுருள் இணைப்பு என்றால் முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருட்டியபடியே ஓட்டினால் கம்பி சூடேறி உருகும். எதைத் திறந்து பார்ப்பதென்றாலும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருக்கின்றன.

நான் செய்த இன்னொரு தவறு, வாசனை நன்றாக இருக்கிறதே என்று சோப்பை இரண்டு மூடி அதிகம் ஊற்றியது. அழுக்குத் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் நிறைந்ததும் மேலே எழும்பி, மோட்டாருக்குப் போகும் வழியை அடைத்துவிடும். நுரை பொங்கினால் தொட்டி நிறையும் முன்பே அது எழும்பிவிடலாம். சில சமயம் நுரை மிதவையையும் தாண்டி மோட்டாருக்குள் போய்விடும். அப்போது செலவு பெரிது. சோப்பைக் குறைப்பதுதான் வழி. பழைய சோப்பு ஊறிக்கிடக்கும் கம்பளமானால், அழுக்குத் தொட்டியில் நுரை முறிக்கும் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறார்கள்.

கடைசியாகக் கை வேகம். நான் தரை துடைப்பது போல முன்னும் பின்னும் இழுத்திருக்கிறேன். தம்பி முனையைக் கம்பளத்தோடு ஒட்ட அழுத்தி, தண்ணீர் விட்டு ஒரு முறை இழுத்தால், தண்ணீர் விடாமல் மூன்று முறை இழுத்தார், நத்தை வேகத்தில். கண்ணாடி மூடிக்குள் துளிகள் ஓடுவது நிற்கும்வரை அடுத்த இடத்துக்கு நகரவில்லை.

கம்பளத்தைப் புரட்டி அடியையும் பார்த்தார். கரும்புள்ளி விழுந்திருந்தால் தூக்கிப் போடச் சொல்லியிருப்பாராம். நல்ல வேளை, இல்லை. வெறும் தண்ணீரில் அலசி, என் இயந்திரத்தாலேயே உறிஞ்சி எடுத்தார். அழுக்குத் தொட்டி நான்கு முறை நிரம்பியது, பால் போடாத காப்பி நிறத்தில். இரவு முழுவதும் இரண்டு காற்றாடிகளைத் தரையில் வைத்து, குளிர்சாதனத்தை உலர்த்தும் நிலையில் ஓடவிட்டோம். காலையில் அம்மா காலால் தடவிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து முறுக்கு பிழிய ஆரம்பித்தார்.

தம்பி கிளம்பும்போது ஒரு வாளித் தண்ணீரை உறிஞ்சவிட்டுக் குழாயின் உட்புறத்தைக் கழுவினார். தொட்டியை மூடாமல் திறந்தே வெயிலில் வைக்கச் சொன்னார். நறுக்கிய துண்டுக் குழாய் இன்னும் இயந்திரப் பெட்டிக்குள் கிடக்கிறது.