விடாமல் ஒலிக்கும் வயோலா

1967 மார்ச்சில் வெளிவந்த 'தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிகோ' ஆல்பத்தின் அட்டையில் ஓவியர் ஆண்டி வார்ஹாலின் மஞ்சள் வாழைப்பழம் இருக்கும். முதல் பிரதிகளில் தோலை உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பழம் தெரியும். தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் ராக் குழுவின் இந்த முதல் ஆல்பம் அப்போது பில்போர்டு பட்டியலில் 171ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால், வெளிவரும் முன்பே அதன் சோதனைப் பிரதி லண்டனில் பாடகர் டேவிட் போவிக்குக் கிடைத்தது. அதிலிருந்து ஒரு பாட்டை உடனே மேடையில் பாடத் தொடங்கிவிட்டார்.

அட்டையைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. எனக்குப் பெரிதாகப் படுவது உள்ளே விடாமல் கேட்கும் ரீங்காரம்.

அதைக் கொண்டுவந்தவர் குழுவின் வயோலா கலைஞர் ஜான் கேல். வேல்ஸில் பிறந்து செவ்வியல் இசை பயின்றவர். நியூயார்க்கில் இசையமைப்பாளர் லா மாண்டே யங்கின் குழுவில் வாசித்தார். யங், இந்திய இசைத்தட்டில் தம்புராவைக் கேட்டு மயங்கியவர். ஒரே சுரத்தை நெடுநேரம் நிறுத்தி வைப்பதே அவர் குழுவின் இசை.

வயோலாவில் தந்திகளைத் தாங்கும் குதிரை வளைந்திருப்பதால், வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைத்தான் வசதியாகத் தொடும். கேல் குதிரையைத் தட்டையாக்கினார். மூன்று தந்திகள் சேர்ந்து ஒலித்தன. கிடார் தந்திகளைப் பூட்டி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். 'வீனஸ் இன் ஃபர்ஸ்' பாட்டில் பாடகர் லூ ரீடின் குரலுக்குக் கீழே நகர்ந்துகொண்டே இருப்பது அந்த வயோலாதான். ரீட் தன் கிடாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே சுரத்துக்கு, வெவ்வேறு ஸ்தாயிகளில், சுருதி சேர்த்திருந்தார். இப்படிச் சேர்த்த தந்திகள் நூலிழை விலகினாலும் ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். அந்தத் துடிப்பில்தான் ரீங்காரத்துக்கு உயிர் வருகிறது.

டிரம்மர் மோரீன் டக்கர் நின்றுகொண்டே, படுக்க வைத்த பாஸ் டிரம்மைப் பஞ்சுக்கோலால் தட்டினார். சிம்பலை அரிதாகவே தொட்டார். சிம்பல் ஓயாமல் சலசலத்திருந்தால் வயோலாவின் மேல்சுரங்கள் அதில் கரைந்திருக்கும்.

ஆல்பத்தின் உச்சம் 'ஹெராயின்'. 1966 மே மாதம் ஹாலிவுட்டில் பதிவான, ஏழு நிமிடப் பாட்டு. கார்டுகள் (சுரக்கூட்டுகள்) இரண்டே இரண்டு. வேகம் கூடிக் குறையும். கேல் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்பார், பிறகு வயோலா கிறீச்சிடும். அந்த இரைச்சலில் மற்றவர்கள் வாசிப்பது கேட்காமல் டக்கர் நடுவில் தாளத்தை நிறுத்திவிட்டார். அந்தப் பதிவே அப்படியே ஆல்பத்தில் வந்தது.