மணி அடித்த அம்மாள்

பந்தாட்டம் ஆடுகிறவர்களைப் பற்றி எழுதுவதற்கு உலகத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், வெயிலில் உட்கார்ந்து, தொண்டை கட்டிப் போகும் வரையில் கூவி, தம்முடைய கோஷ்டி தோற்றுவிட்டால் அன்றிரவு சாப்பாடு வேண்டாமென்று படுத்துக்கொள்ளும் ரஸிகர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? அவர்களுடைய பெயர் எந்தச் சரித்திரத்திலும் ஏறுவதில்லை. இந்தப் பொது விதிக்கு விலக்காக அமெரிக்காவில் ஓர் அம்மாள் இருந்தாள். ஹில்டா செஸ்டர் என்பது அவள் பெயர். அவள் புகழ்பெற்ற ஆட்டக்காரி அல்ல, பணக்காரியும் அல்ல. ஆயினும் அவளுடைய உருவச் சிலை அந்தத் தேசத்துப் பந்தாட்ட வீரர்களுக்கென்று கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் அமைந்த காட்சிசாலையில் இடம் பெற்றது. அது எப்படி நேர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஆட்டமும் ஊரும்

அமெரிக்கர்கள் உயிரை விடும் பேஸ்பால் ஆட்டத்தை, கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஒரு கோஷ்டிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை வீசுகிறார். மற்றொருவர் உருண்டையான மட்டையால் அடிக்கிறார். பந்து தரையில் பட்டு எழும்பாமல் நேரே பறந்து வருகிறது. அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு நிலைகளையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பந்தை மூன்று தடவை தவறவிட்டால் ஆட்டம் இழந்தார். மூன்று பேர் ஆட்டமிழந்தால் எதிர்க் கோஷ்டியின் முறை வருகிறது. இப்படி ஒன்பது முறை. ஐந்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் விதி தெரிந்துவிடும். ஆனால் அக்காலத்தில் ஒரு கோஷ்டி வருஷத்துக்கு 154 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஆகவே, ரஸிகனுடைய துன்பம் ஒரு நாளில் தீர்வதன்று. வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரையில் நீடிப்பது.

புரூக்லின் 1898-ஆம் வருஷம் வரையில் தனி நகரம். அந்த வருஷம் அதை நியூயார்க்குடன் சேர்த்துவிட்டார்கள். ஒரு பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஏழைப் பெண்ணின் நிலை புரூக்லினுக்கு ஏற்பட்டது. உயர்ந்த மாளிகைகளும் செல்வர்களும் ஆற்றுக்கு அப்பால் மன்ஹாட்டனில். கூலிக்காரர்களும், குமாஸ்தாக்களும், இத்தாலி, அயர்லாந்து முதலிய தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களும், யூதர்களும் இப்பால் புரூக்லினில். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சிய சொத்து ஒன்றே ஒன்று. அதுதான் 'டாட்ஜர்ஸ்' என்னும் பேஸ்பால் கோஷ்டி. டிராம் வண்டிகளுக்குத் தப்பி ஓடுகிறவர்கள் என்ற அர்த்தத்தில் வந்த பெயர் அது. ஊர்ப் பெயரைத் தாங்கி வெளியூர் சென்று போரிட அந்தக் கோஷ்டியைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

வாணலியும் மணியும்

1913-இல் திறக்கப்பட்ட எப்பெட்ஸ் மைதானம் டாட்ஜர்ஸ் கோஷ்டியின் சொந்த வீடு. சுமார் 32,000 பேர் உட்காரக்கூடிய சிறிய மைதானம். அதில் நிழலில்லாத மலிவான பெஞ்சுகள்தான் ஹில்டா அம்மாளின் ஸ்தானம். பந்தய மைதானங்களில் விற்கும் வேர்க்கடலையைப் பைகளில் நிரப்பும் வேலை செய்து பிழைத்தவள் அவள். அவளுடைய குரல் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்குமாம்.

1930-களில் அந்த அம்மாளுக்கு இருதய நோய் கண்டது. 'இனிமேல் கூச்சல் போடக்கூடாது' என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வைத்தியருடைய உத்தரவை அவள் மீறவில்லை. அதற்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு வாணலியையும் இரும்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்! குரலால் எழுப்பிய சப்தத்தைக் காட்டிலும் அது பன்மடங்கு அதிகமாயிருந்தது. இதைப் பார்த்த ஆட்டக்காரர்கள், மாட்டின் கழுத்தில் கட்டும் பித்தளை மணி ஒன்றை அவளுக்குப் பரிசளித்தார்கள். அன்று முதல் மணியும் ஹில்டாவும் பிரிந்ததில்லை. 'ஹில்டா வந்திருக்கிறாள்' என்று எழுதிய பதாகை ஒன்றும் அவளுடன் வரும்.

1941-இல் மறுபடியும் நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கோஷ்டியின் மானேஜர் லியோ டுரோஷர் சில ஆட்டக்காரர்களுடன் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். டுரோஷர் முன்கோபத்துக்கும் துடுக்கான நாக்குக்கும் பெயர்போனவர். ஆயினும் அன்றைய தினத்திலிருந்து அவர் மீது ஒருவர் குறை சொன்னால் ஹில்டா பொறுக்கமாட்டாள். நிழலில் உட்கார இலவசச் சீட்டு அளித்தபோதிலும் அவள் தன் பழைய வெயில் பெஞ்சிலேயே, தன் சிநேகிதர்கள் நடுவிலேயே உட்காருவதை விரும்பினாள்.

பீட் ரீஸர் என்னும் ஆட்டக்காரர் பிற்காலத்தில் சொன்ன ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே ஹில்டா மேலேயிருந்து ஒரு காகிதத்தை அவர் பக்கம் போட்டு, அதை டுரோஷரிடம் கொடுக்கச் சொன்னாளாம். 'வயட் களைத்துவிட்டார், கேஸியைத் தயார் செய்' என்பது அதிலிருந்த யோசனை. வயட்டும் கேஸியும் பந்து வீசுகிறவர்கள். ரீஸர் திரும்பி வரும் வழியில் கோஷ்டியின் தலைமை அதிகாரியான மக்பேலுக்கு வணக்கம் தெரிவித்துவிட்டு, பிறகு காகிதத்தை டுரோஷரிடம் கொடுத்தார். அதிகாரியே அனுப்பிய கட்டளை என்று எண்ணிய டுரோஷர் கேஸியைத் தயார் செய்தார். சிறிது நேரத்தில் வயட்டை நிறுத்திவிட்டுக் கேஸியைப் பந்து வீசவும் விட்டார். கேஸியின் பந்துகளை எதிராளிகள் விளாசினார்கள். ஆட்டம் மயிரிழையில் பிழைத்தது. ஆட்டம் முடிந்த பின்பு டுரோஷர் கொதித்தெழுந்து, இனி மக்பேலிடமிருந்து சீட்டுக் கொண்டுவராதே என்று சீறியபோதுதான் அது ஹில்டா அம்மாளின் உத்தரவு என்பது வெளியாயிற்றாம்!

"அடுத்த வருஷம் பார்க்கலாம்"

அக்காலத்தில் அமெரிக்காவின் முதல்தரப் பேஸ்பாலில் இரண்டு பிரிவுகள்; பிரிவுக்கு எட்டுக் கோஷ்டிகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வரும் கோஷ்டிகள் இரண்டும் அக்டோபர் மாதத்தில் 'உலகத் தொடர்' என்னும் முடிவுப் பந்தயத்தில் மோதும். ஏழு ஆட்டங்களில் நான்கை ஜயிப்பவர்களே சாம்பியன்கள். டாட்ஜர்ஸ் 1916-லும் 1920-லும் அந்தப் பந்தயத்துக்குப் போய்த் தோற்றார்கள். பிறகு இருபது வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்த ஊரார், 'நம் உதவாக்கரைகள்' என்றே அவர்களைச் செல்லமாக அழைக்கலானார்கள்.

1941-இல் மீண்டும் அதிர்ஷ்டம் திரும்பியது. எதிரிகள், பக்கத்துப் பணக்காரக் கோஷ்டியான யாங்கீஸ். அக்டோபர் 5-ந் தேதி நான்காவது ஆட்டம். கடைசி முறை, டாட்ஜர்ஸ் 4-க்கு 3 என்று முன்னே நிற்கிறார்கள். எதிரிகளில் இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. மூன்றாமவர் ஹென்ரிக். முன் சொன்ன அதே கேஸிதான் பந்து வீசுகிறார். ஹென்ரிக் மூன்றாவது தடவையும் மட்டையை வீசித் தவறவிட்டார்! ஆட்டம் முடிந்தது என்று ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். ஆனால் அப்படித் தவறிய மூன்றாவது பந்தைப் பின்னால் நிற்பவர் பிடிக்கவேண்டும் என்பது விதி. பின்னால் நின்ற மிக்கி ஓவனின் கையிலிருந்து பந்து நழுவி ஓடியது. ஹென்ரிக் ஓடி முதல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு மளமளவென்று நான்கு ஓட்டங்கள். 7-க்கு 4 என்று யாங்கீஸ் ஜயித்தார்கள். மறுநாள் பட்டத்தையும் கொண்டுபோய்விட்டார்கள்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்!" என்றது புரூக்லின். இந்த வாக்கியம் அந்த ஊரின் தாரக மந்திரமாகிவிட்டது. பரீட்சையில் தவறிய பையன் தகப்பனாரிடம் சொல்லும் வாக்கியமும் இதுதான். ஆனால் பையனைக் காட்டிலும் புரூக்லின்வாசிகள் அதை மனப்பூர்வமாக நம்பினார்கள்.

1947

இந்தியருக்கு மறக்க முடியாத 1947-ஆம் வருஷம் புரூக்லினுக்கும் மறக்க முடியாதது. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் கோஷ்டிகளில் நீக்ரோ இனத்தார் ஒருவரும் அறுபது வருஷமாக இடம் பெற்றதில்லை. ஏட்டில் எழுதாத சட்டம் அது. எழுதிய சட்டத்தைக் காட்டிலும் கடுமையானது. டாட்ஜர்ஸ் கோஷ்டியின் தலைமை அதிகாரியாக அப்போது இருந்த பிராஞ்ச் ரிக்கி அதை உடைக்கத் துணிந்தார். ஏப்ரல் 15-ந் தேதி, எப்பெட்ஸ் மைதானத்தில், டாட்ஜர்ஸ் உடையில் ஜாக்கி ராபின்ஸன் இறங்கினார்.

சொந்தக் கோஷ்டியிலேயே சிலர் அவருடன் ஆட மறுத்தார்கள். வெளியூர்களில் வசைமாரி பொழிந்தது. கொன்றுவிடுவதாகக் கடிதங்கள் வந்தன. திருப்பி அடிக்காமல், திருப்பிப் பேசாமல் பொறுத்துக்கொள்வதாக ராபின்ஸன் ரிக்கிக்கு வாக்களித்திருந்தார். அந்த விரதத்தின் கடினம் நம்மவருக்குத் தெரியாததல்ல. மட்டையாலும் கால்களாலும் மட்டுமே அவர் பதில் சொன்னார். அவ்வருஷத்தின் சிறந்த புது ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. அந்த வருஷம் 18 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் எப்பெட்ஸ் மைதானத்துக்கு வந்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஒரு கோஷ்டியின் மீது வைத்த அபிமானம் மனிதர்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அவ்வருஷமும் முடிவுப் பந்தயத்தில் யாங்கீஸிடம் தோல்விதான். 1949-லும் தோல்வி. 1951-லோ அதனினும் கொடுமை. ஆகஸ்டு மாதத்தில் பதின்மூன்று ஆட்டங்கள் பின்தங்கியிருந்த ஜயண்ட்ஸ் கோஷ்டி ஓடிவந்து சமமாகிவிட்டது. அந்தக் கோஷ்டிக்கு மானேஜர் யார் தெரியுமா? 1948-இல் புரூக்லினை விட்டு எதிரிகளிடம் போய்ச் சேர்ந்த அதே டுரோஷர்! அக்டோபர் 3-ந் தேதி தீர்ப்பு ஆட்டத்தின் கடைசி முறையில், பாபி தாம்ஸன் அடித்த ஒரே அடியில் மூன்று ஓட்டங்கள் வந்து 5-க்கு 4 என்று டாட்ஜர்ஸ் வீழ்ந்தார்கள். 1952, 1953 இரண்டிலும் யாங்கீஸ் மறுபடி வென்றார்கள்.

வந்த வருஷமும் போன கோஷ்டியும்

கடைசியில் அந்த 'அடுத்த வருஷம்' 1955-இல் வந்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் தோல்வி, பிறகு மூன்றில் வெற்றி, ஆறாவதில் தோல்வி. அக்டோபர் 4-ந் தேதி ஏழாவது ஆட்டம், யாங்கீஸின் சொந்த மைதானத்தில். இருபத்து மூன்று வயதுப் பையனான ஜானி பாட்ரஸ் பந்து வீசினார். ஆறாவது முறையில் யோகி பெர்ரா அடித்த பந்தை, ஆமரோஸ் என்னும் கியூபா தேசத்தவர் நெடுந்தூரம் ஓடிக் கையை நீட்டிப் பிடித்தார். அந்தப் பந்து தரையில் விழுந்திருந்தால் கதை வேறாயிருக்கும். 2-க்குப் பூஜ்யம் என்று புரூக்லின் வென்றது. அன்றிரவு தெருக்களில் ஜனங்கள் ஆடினார்கள், பாடினார்கள், அழுதார்கள்.

அந்த ஆனந்தம் இரண்டு வருஷமே நீடித்தது. கோஷ்டியின் முதலாளி வால்டர் ஓமாலி புதிய பெரிய மைதானம் வேண்டுமென்றார். அவர் கேட்ட இடத்தை நகர அதிகாரிகள் கொடுக்க இசையவில்லை. அவர்கள் காட்டிய இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூவாயிரம் மைலுக்கு அப்பால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கையை நீட்டி அழைத்தது. 1957, செப்டம்பர் 24-ந் தேதி எப்பெட்ஸ் மைதானத்தில் கடைசி ஆட்டம். டாட்ஜர்ஸ் ஜயித்தார்கள். பார்க்க வந்தவர்கள் 6,702 பேர். அக்டோபரில் கோஷ்டி போவதாக அறிவிப்பு வந்தது. 1960-இல் மைதானத்தை இடித்தார்கள். அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

ஓமாலி சட்டப்படி ஒரு குற்றமும் செய்யவில்லை. கோஷ்டி அவருடைய சொத்து. சொத்தை விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோகச் சொந்தக்காரனுக்கு உரிமை உண்டு. ஆனால் இருபது வருஷம் வெயிலில் உட்கார்ந்து மணி அடித்தவளுக்கு அந்தக் கோஷ்டியில் பங்கு ஒன்றும் கிடையாதா? தோற்ற வருஷங்களில் எல்லாம் வந்து பார்த்தவர்களுக்கு, வைத்துக்கொள்ள ஒரு காகிதச் சீட்டைத் தவிர வேறு பத்திரம் இல்லை. அன்பினால் உண்டான பாத்தியதையைப் பதிவு செய்ய எந்தத் தேசத்திலும் ரிஜிஸ்தர் ஆபீஸ் இல்லை.

ஹில்டா அம்மாள் 1978-இல் காலமானாள். அதற்கு இருபது வருஷம் முன்பே அவளுடைய கோஷ்டி அவளை விட்டுப் போய்விட்டது. அவள் அதை விட்டுப் போகவில்லை. கூப்பர்ஸ்டவுனில் அமைந்த சிலையின் கையிலும் அந்த மணி இருக்கிறது. வென்ற நாளுக்கும் தோற்ற நாளுக்கும் வித்தியாசம் பாராமல் அடித்த மணி அது.