ஊர் வாத்தியக் குழுவிலிருந்து ஜாஸ் மேடைக்கு

ஜாஸ், அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. அதை ஓர் இத்தாலியர் வாசித்தால் அது அசலா, நகலா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இத்தாலிய ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்கத் தொடங்கினேன்.

முதலில் ஜாஸ் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வழமையாகக் குழுவினர் ஒரு மெட்டை வாசித்துக் காட்டுவர். பிறகு ஒருவர்பின் ஒருவராக, அம்மெட்டைத் தாங்கி நிற்கும் சுர அடுக்குகளின் மேல், அந்தக் கணத்தில் தோன்றுவதைப் புனைந்து வாசிப்பர். இறுதியில் பழைய மெட்டு திரும்பி வரும். ஆகவே எந்த மெட்டைத் தெரிவுசெய்கிறோம் என்பது சிறிய விடயமல்ல. அமெரிக்கக் கலைஞர் பலர் தம் நாட்டு நாடக மேடைப் பாடல்களை எடுத்தனர். இத்தாலியரிடம் இருந்தது ஒபேரா, அதாவது வசனமும் பாட்டாகவே அமைந்த இசை நாடகம்.

ஒபேரா அரங்கிற்குப் போக எல்லோரிடமும் வசதி இருக்கவில்லை. வானொலியும் இசைத்தட்டும் வராத 19ஆம் நூற்றாண்டில், சிற்றூர் மக்களுக்கு வெர்டியின் மெட்டுகளைக் கொண்டு சேர்த்தவை ஊர் வாத்தியக் குழுக்களே. நம் பாடசாலைகளின் பாண்ட் வாத்தியக் குழுவைப் போன்றவைதாம். ஆனால் அவற்றில் வாசித்தவர்கள் ஊரின் தொழிலாளரும் கைவினைஞரும். ஊர்ச் சதுக்கத்தில் அவர்கள் வாசிக்கையில், பாடகி பாட வேண்டிய பகுதியை ஒரு பித்தளைக் குழல் ஏற்றுக்கொள்ளும். சொற்கள் இல்லை, பாட்டு மட்டும் இருக்கும். இத்தாலிய ஜாஸ் கலைஞர்களின் குழல்கள் வேகத்தைக் காட்டுவதைவிடப் பாடுவதையே விரும்புவது ஏன் என்பதற்கு, என் எண்ணத்தில், இந்தச் சதுக்கங்களிலேயே பாதி விடை கிடைக்கிறது.

பவுலோ ஃப்ரேசு இதற்கு நல்ல சாட்சி. 1961இல் சார்டினியத் தீவின் பெர்கித்தா என்ற சிற்றூரில் பிறந்த அவர், 11 வயதில் ஊர் வாத்தியக் குழுவில் ட்ரம்பட் ஊதத் தொடங்கியவர். புகழ் வந்த பின்பும் ஊரை மறக்கவில்லை. 1988இல் அங்கேயே ஒரு ஜாஸ் விழாவை ஆரம்பித்தார். 2011இல் வெளிவந்த ‘மிஸ்டிக்கோ மெடிட்டெரானியோ’ இசைத்தட்டில், அயல்தீவான கோர்சிக்காவின் ஆண்கள் பாடற்குழுவோடு சேர்ந்து வாசித்திருக்கிறார்.

அவருக்கு மூத்தவர் என்றிக்கோ ராவா. 1956இல் தூரின் நகரில் மைல்ஸ் டேவிஸின் கச்சேரியைக் கேட்டுத்தான் ட்ரம்பட்டின் பக்கம் திரும்பினார். அமெரிக்க வழியில் நெடுந்தூரம் போன அவரும் 1990களில் ஒபேரா மெட்டுகளுக்கு வந்து சேர்ந்தார். (முசோலினியின் ஆட்சி அமெரிக்க இசையை வெறுத்தது, அவருடைய மகன் ரொமானோவோ பின்னாளில் ஜாஸ் பியானோக் கலைஞரானார்!)

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் பெர்கமோவுக்கு அருகே நெம்ப்ரோவில் 1944இல் பிறந்த கிளாரினட் கலைஞர் ஜான்லூயிஜி ட்ரோவேசி. 2008இல் வெளியான அவரது ‘ப்ரொஃபூமோ தி வியொலெத்தா’ என்ற தலைப்புக்கு ‘வியொலெத்தாவின் நறுமணம்’ என்று பொருள். வியொலெத்தா, வெர்டியின் ‘லா திராவியாத்தா’ ஒபேராவின் நாயகி. இதில் அவரோடு வாசிப்பது சிறிய ஜாஸ் குழுவன்று, ஒரு முழு வாத்தியக் குழு! 1607இல் அரங்கேறிய மொன்தெவெர்டியின் ‘ஓர்ஃபெயோ’ முதல் புச்சினி வரை மெட்டுகள் வருகின்றன. குழு வாசிப்பது எழுதி அமைத்த இசை. அதனூடே ட்ரோவேசியின் குழல் தன் விருப்பப்படி விலகிப் போய்த் திரும்புகிறது. இது பழையதைக் குலைப்பது என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெட்டை நன்கு அறிந்தவரால்தான் அதைவிட்டு இவ்வளவு தூரம் போய், வழி தவறாமல் திரும்ப முடியும்.

புதிதாகக் கேட்பவர்கள் இதில் தொடங்க வேண்டாம். சத்தம் மலைக்க வைக்கும். ட்ரோவேசியும் அக்கோர்டியன் கலைஞர் ஜான்னி கோஷாவும் இருவராக மட்டும் வாசித்த ‘இன் செர்கா தி சீபோ’வை, அதாவது ‘உணவைத் தேடி’யை, முதலில் கேளுங்கள். அதன் தலைப்பு மெட்டு பினோக்கியோ தொலைக்காட்சித் தொடருக்காக ஃபியொரென்சோ கார்ப்பி அமைத்தது. அத்தட்டின் முன்னுரையை எழுதியவர் கோஷாவின் பள்ளித் தோழர், நாவலாசிரியர் உம்பேர்த்தோ எக்கோ.