வலிப்பு நேரத்துச் சித்திரம்

தம் மகனுக்கு மருந்துகள் பல மாற்றியும் வலிப்பு நிற்கவில்லை என்றும், எம்.ஆர்.ஐ. படத்திலோ குறையொன்றும் தென்படவில்லை என்றும், இனி ரண சிகிச்சைக்கு இடமுண்டா என்றும் வாசகர் ஒருவர் விசாரித்திருக்கிறார். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருந்தால், பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யிலேயே பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். தெரியாதபோதுதான் வைத்தியர்கள் வேறு உபாயங்களை நாடுகிறார்கள்.

அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது ஸ்பெக்ட் என்னும் படமுறை. காமிராவும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் இரவும் பகலும் கண்காணிக்கும் அறையில் நோயாளியைப் படுக்கவைத்து, மருந்தையும் குறைத்து, எல்லோரும் அஞ்சும் அந்த வலிப்பையே எதிர்பார்த்து நர்ஸ் ஒருவர் ஊசியும் கையுமாகக் காத்திருக்கிறார். அது தொடங்கிய சில விநாடிகளுக்குள், டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை இரத்தக் குழாயில் செலுத்திவிடுவார். வலிப்பு எழும் இடத்துக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்வதால் மருந்தும் அங்கே மிகுதியாகச் சேர்ந்து, ஓரிரு நிமிஷங்களில் மூளையின் உயிரணுக்களுக்குள் சிக்கிக்கொண்டு, பிறகு இடம்பெயராமல் நின்றுவிடுகிறது. ஆகவே நோயாளி தெளிந்தபின் சாவகாசமாகப் படமெடுத்தாலும், அது காட்டுவது வலிப்பு நேரத்து மூளையையே. எங்கள் ஊரில் வெள்ளம் வடிந்த மறுநாள், படித்துறைச் சுவரில் நிற்கும் செம்மண் கறையைப் பார்த்தே, இரவில் ஆறு எதுவரை ஏறிற்று என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஏறக்குறைய அதே யுக்திதான். ஊசி தாமதித்தாலோ, வலிப்பு பரவிப்போன இடத்தைக் காட்டிப் படம் பொய்ச்சாட்சி சொல்லிவிடும். ஆதலால் ஈ.ஈ.ஜி.யும் காமிராவும் பிற படங்களும் ஒரே இடத்தைச் சுட்டினாலன்றி எந்த நிபுணரும் எளிதில் கத்தியைத் தொடுவதில்லை.

இத்தகைய படங்கள் எவையும் இல்லாத 1952-லேயே, மான்ட்ரியாலில் மூளை ரண சிகிச்சை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்றுவந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூரில் வலிப்புக்கு ரண சிகிச்சை செய்தார். கனடாவில் நடந்து 2001-ல் வெளியான ஆராய்ச்சியில், ஓராண்டு முடிவில் பிரக்ஞையைக் குலைக்கும் வலிப்பு நீங்கியிருந்தவர்கள், ரண சிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம். மருந்து மட்டும் உண்ட பிரிவில் 8 சதவீதம். இத்தனைக்குப் பின்னும் விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பெண்ணானால் கல்யாணம் தடைப்படுமென்று வியாதியை மூடிமறைத்து வருஷங்களை வீணாக்குவதும் நம்மிடையே ஓய்ந்தபாடில்லை.

பொருத்தமான இரண்டு மருந்துகளைத் தக்க அளவில் உட்கொண்டும் குணம் காணாதபோது, மூன்றாவதன்மேல் பாரத்தைப் போட்டுக் காத்திராமல், வலிப்புக்கென்றே தனிப்பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு மகனை அந்த வாசகர் அழைத்துச் செல்லலாம். வலிப்பின்போது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் கொண்டுபோவது நலம்; தலை எப்பக்கம் திரும்பிற்று, எந்தக் கை முதலில் முறுக்கிக்கொண்டது என்பவைகூட வைத்தியருக்குத் துப்பாகும்.