ஆராய்ச்சிப் படிப்புக்குக் காசு யார் கொடுப்பார்கள்?

புலமைப்பரிசில் என்று சொன்னால் நம்ம லயத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஐந்தாம் வகுப்புப் பரீட்சைதான். பிள்ளை பாஸ் பண்ணினால் கோயிலில் தேங்காய் உடைப்போம். பாடசாலையில் மாலை போடுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த பிறகும் புலமைப்பரிசில் உண்டு, அதுவும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்றே உண்டு என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். மகள் பேராதனையில் விஞ்ஞானப் பட்டம் நல்லபடியாக முடித்திருக்கிறாள். மேலே ஆராய்ச்சி செய்யச் சொல்லி அவளுடைய பேராசிரியர் கேட்டிருக்கிறார். "ஐயா, இன்னும் எத்தனை வருஷத்துக்கு நாங்க காசு கொடுக்கணும்?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில்: ஒரு சதமும் இல்லை, இனிமேல் அவளுக்குத்தான் காசு கொடுப்பார்கள். மனிதர் நம்பவில்லை. அவரைப் போல இன்னும் பல பேர் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் மகாபொல போன்றவை உதவிப்பணம். சாப்பாடு, போர்டிங் செலவுக்குத் தோள் கொடுக்கும். பட்டம் முடித்தவருக்கு, "இரண்டு மூன்று வருஷம் வேறு வேலை பார்க்காமல் ஆராய்ச்சியை மட்டும் செய்" என்று மாதாமாதம் கொடுப்பது பெலோஷிப், அதாவது ஆய்வுப் புலமைப்பரிசில். மானியம் என்பது வேறு. அது ஆளுக்குக் கொடுப்பதல்ல, வேலைக்குக் கொடுப்பது. ஒரு விஞ்ஞானி "இந்தப் பிரச்சினையை இப்படி ஆராயப்போகிறேன், இவ்வளவு செலவாகும்" என்று எழுதிக் கேட்பார். அதே துறை தெரிந்த வேறு ஆட்கள் அதைப் படித்துச் சரியா பிழையா என்று சொல்வார்கள். சரியென்றால் பணம் அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்குப் போகும். கருவி, இரசாயனம், போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடக்கம். கூட வேலை செய்யும் மாணவருக்கு மாதக் கொடுப்பனவும் பல மானியங்களில் சேர்ந்தே வரும். நம்ம நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றம் இப்படிக் கொடுக்கிறது. பேராசிரியர் தன்னுடன் ஆராய்ச்சி செய்யக் கூப்பிடுகிறார் என்றால் பெரும்பாலும் இப்படியொரு மானியம் அவர் கையில் இருக்கும். "சேர், இதற்குக் கொடுப்பனவு உண்டா?" என்று பிள்ளை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெலோஷிப் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளக் கணித மேதை இராமானுஜன் கதையைப் பார்த்தால் போதும். அவர் 1912இல் மதராஸ் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913இல் மதராஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவி கொடுத்தது. கணக்குப் போடுவதுதான் வேலை, வேறொன்றுமில்லை. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அதற்கும் மதராஸ் பல்கலைக்கழகமே வருஷம் 250 பவுண் கொடுத்தது. அதில் 50 பவுண் ஊரில் உள்ள குடும்பத்துக்கு. அந்தக் காலத்திலேயே வீட்டுக்காரரையும் நினைத்துத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளை ஆராய்ச்சிக்குப் போனால் வீட்டுக்குச் சல்லி வராது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாடெல்லாம் தூரம் என்பவர்களுக்குக் கண்டியிலேயே இடமிருக்கிறது. டவுனிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் ரோட்டில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நம்ம ஆட்கள் பல பேர் ஏதோ ஆபீஸ் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். 1981இல் சட்டம் போட்டு அமைத்த ஆராய்ச்சி நிலையம் அது. மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைப் பசளையாகப் பயன்படுத்தும் ஆராய்ச்சி அங்கே நடந்து, தேயிலையிலும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். சூரிய ஒளியில் மின்சாரம் எடுப்பது பற்றியும் ஆராய்கிறார்கள். பட்டதாரிகளை ஆராய்ச்சி உதவியாளராக எடுத்து மாதக் கொடுப்பனவு கொடுப்பார்கள். அங்கே செய்யும் வேலையை வைத்தே, 1996இல் தொடங்கிய பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தில் எம்.பில்., பி.எச்டி. பட்டத்துக்குப் பதிந்துகொள்ளலாம். வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் வந்தே கலாநிதி ஆகலாம்!

இந்த நிறுவகத்துக்கு 1984இல் பணிப்பாளராக வந்தவர் சிறில் பொன்னம்பெரும. காலியில் பிறந்து, மதராஸில் தத்துவமும் லண்டனில் இரசாயனமும் படித்து, 1962இல் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பட்டம் கிடைத்த கையோடு ஓர் ஆய்வு உதவியில்தான் நாசாவுக்குள் போனார். பிறகு சந்திரனிலிருந்து அப்பல்லோ கொண்டுவந்த மண்ணை ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொருவர் அப்துஸ் சலாம். இப்போது பாகிஸ்தானில் உள்ள ஜங் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். யுத்தத்துக்கென்று சேர்த்த பணத்தில் மிஞ்சியதை, சிறு விவசாயிகளின் பிள்ளைகள் வெளிநாட்டில் படிப்பதற்குப் பஞ்சாப் அரசாங்கம் ஒதுக்கியது. அதில் 1946இல் கேம்பிரிட்ஜ் போனார் சலாம். அடுத்த வருஷம் நாடு பிரிந்தது, அந்தத் திட்டமும் இல்லாமல் போனது. பிந்தியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1979இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கிய சலாம், அதற்கு முன்னமே 1964இல் இத்தாலியில் திரியெஸ்தே நகரத்தில் ஒரு நிலையம் தொடங்கியிருந்தார். ஏழை நாட்டு விஞ்ஞானிகள் சில மாதம் வந்து தங்கி, மற்ற நாட்டவர்களோடு சேர்ந்து வேலை செய்துவிட்டுத் தங்கள் நாட்டுக்கே திரும்பிப் போவதற்கான இடம் அது. 1983இல் மூன்றாம் உலக நாடுகளுக்கென்று ஒரு விஞ்ஞானக் கழகத்தையும் அங்கேயே அமைத்தார். அதிலிருந்து இன்றும் பெலோஷிப்பும் மானியமும் வருகின்றன.

நாடுகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதால் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். டோட்ரிக்ஸ் என்ற புழுவை உங்களுக்குத் தெரியும். இலையைச் சேர்த்து நூல் கட்டி உள்ளே இருந்து தின்னும். ஒரு காலத்தில் நம்ம தேயிலைக்கு வந்த பூச்சிகளில் மோசமானது அதுதான். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், நம்மைக் கொட்டுகிற சாதி இல்லை இது! புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு புழுவைத் தின்றுவிடும். அதோடு டோட்ரிக்ஸ் அடங்கிப் போனது. பிறகு 1950, 60களில் வேறொரு வண்டுக்கு டீல்ட்ரின் மருந்து அடித்தபோது குளவியும் செத்து, புழு திரும்பக் கிளம்பியது. அதையும் ஆராய்ச்சிதான் கண்டுபிடித்துச் சொன்னது. அந்த ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியபோது அதன் செலவு தேயிலை ஏற்றுமதியில் அறவிட்ட செஸ் வரியிலிருந்து போனது. உங்கள் பாட்டிமார் பறித்த கொழுந்துக் காசு அது. மலையில் நின்று புழுவைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை நாளைக்கு அந்த ஆராய்ச்சிக்குப் போனால், புத்தகத்தில் மட்டும் படித்தவரை விட ஒரு கேள்வியாவது கூடுதலாகக் கேட்கும் என்பது என் எண்ணம்.

வெளிநாட்டு உதவிகளில் பழையவை சிலவற்றைச் சொல்கிறேன். பிரித்தானியாவில் படிக்கப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது, 1959இல் தீர்மானித்தது. அதில் ஒரு வகையில், இங்கேயே கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு ஒரு வருஷம் வரை மட்டும் அங்கே போய் ஆராய்ந்து வரலாம். அமெரிக்காவின் புல்பிரைட் இங்கே 1952 முதல் இருக்கிறது. ஜப்பான் அரசாங்கமும் கொடுக்கிறது. இந்திய அரசாங்கப் புலமைப்பரிசில்களுக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். நம்ம பிள்ளைகளுக்கென்றே 1940களில் ஏற்படுத்திய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியமும் அவர்கள் கையில்தான். அது உயர்தரம், பல்கலைக்கழகம் படிக்கிறவர்களுக்கு. ஆராய்ச்சிக்கான ஏணியில் அது முதல் படி.

இவற்றில் எதற்கும் ஏஜென்டு தேவையில்லை. ஒரு வீட்டில் "அரைவாசிப் புலமைப்பரிசில்" என்று ஒரு கடதாசியைக் காட்டினார்கள். வாசித்துப் பார்த்தால், படிப்புக் கட்டணத்தில் பாதியைக் குறைத்திருக்கிறார்கள், மீதிப் பாதி லட்சக் கணக்கில். அது பெலோஷிப் இல்லை, கடையில் போடும் டிஸ்கவுண்ட். நகையை அடகு வைக்கச் சொன்னால் அது புலமைப்பரிசில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிக்காமல் ஒன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுக் கொடுப்பனவு பெரிய சம்பளம் அல்ல, நிரந்தர உத்தியோகமும் அல்ல. ஆசிரியர் நியமனம் கையில் வந்திருக்கிற பிள்ளை அதை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டால், வீட்டு நிலைமையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கடன் இருக்கும் வீட்டில் பென்சன் உள்ள வேலையை எடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செலவுக்குப் பயந்து மட்டும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

நம்ம பிள்ளைகள் இந்த இடத்துக்கு வருவது குறைவு என்பது உண்மை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலைகளும் ஆசிரியர்களும் மலையகத்தில் இன்னும் போதாது. சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த பிள்ளையை, தூரம் என்று சொல்லி வேறு பிரிவில் சேர்க்கும்போதே இந்தக் கதவு மூடிப் போகிறது. விண்ணப்பங்களெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதையும் சின்ன வயதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் மாட்டிக்கொள்வது பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு எழுத்து. பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான் அது தெரியவரும், அதற்குள் விண்ணப்பத் திகதி போய்விடும். பிள்ளை உயர்தரம் படிக்கும்போதே மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளரிடம் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். மூலப் பிரதிகளை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், படிவம் நிரப்பித் தருவோம்.