நிறம் மாறும் குடுவை

வாயை உருக்கி மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் கொஞ்சம் பழுப்பு வாயு. ஐஸ் தண்ணீரில் வைத்தால் நிறம் வெளுத்துப்போகும். கொதிநீரில் வைத்தால் செம்பழுப்பாக அடர்ந்துவிடும். வெளியே எடுத்து ஆறவிட்டால் பழைய நிறமே திரும்பும். எத்தனை முறை செய்தாலும் சலிக்காது. வேதியியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் கிடைக்காது.

பழுப்பு நிறத்துக்குக் காரணம் நைட்ரஜன் டை ஆக்சைடு. அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தால் நைட்ரஜன் டெட்ராக்சைடு ஆகும், அதற்கு நிறமில்லை. ஜோடி சேர்வதும் பிரிவதும் குடுவைக்குள் ஓயாமல் நடக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதால் வெளியே எந்த மாற்றமும் தெரிவதில்லை. வேதிச் சமநிலை என்பது இதுதான். ஜோடியைப் பிரிக்க வெப்பம் வேண்டும், மோலுக்குச் சுமார் 57 கிலோஜூல். அதனால் சூடேற்றினால் பிரியும் பக்கம் கை ஓங்குகிறது, குளிர்வித்தால் சேரும் பக்கம். பிரெஞ்சு வேதியியலர் லெ சாட்லியே 1884-இல் சொன்ன விதி இதைத்தான் முன்கூட்டியே கணிக்கிறது.

இனி அழுத்தத்துக்கு வருவோம். மூடிய கலத்தில் வெறும் காற்றை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கினால், கெல்வின் கணக்கில் 300 என்பது 373 ஆகிறது. அழுத்தமும் அதே விகிதத்தில், கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். நம் குடுவையிலோ, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தொடங்கினால், அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். மூலக்கூறுகள் வேகமாக மோதுவது ஒரு பங்கு. ஒன்று இரண்டாகப் பிரிந்து, மோதும் எண்ணிக்கையே கூடிவிடுவது இன்னொரு பங்கு. வாயு விதிகளை ஒரு பாடத்திலும் சமநிலையை வேறொரு பாடத்திலும் வைத்து நடத்துவதால் இந்த அழகு மாணவர் கண்ணில் படாமலே போகிறது.

குடுவையில் பார்த்த நைட்ரஜன் டெட்ராக்சைடுதான் திரவ வடிவில் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில், விகாஸ் எஞ்சினில் எரிபொருளை எரியவைக்கிறது. அந்த எஞ்சினைச் சோதிக்கும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. இந்தத் திரவம் கொதிப்பதோ 21 டிகிரியில்! தென்மாவட்ட வெயிலில் அதை அழுத்தம் தாங்கும் மூடிய கலத்தில்தான் வைத்திருக்க முடியும். கசிந்தால் பழுப்புப் புகையே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் புகை நுரையீரலைத் தாக்கும் நஞ்சு. பாதிப்பு சில மணி நேரம் கழித்துக்கூட வெளிப்படலாம். ஆகவே வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் செய்துகாட்டும்போது பாருங்கள்.